பல்லிக்குப் போடும் பூச்சிக்கு முதலில் சாப்பாடு போடுங்கள்

கடையில் வாங்கி வந்த கிரிக்கெட் பூச்சி டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கசங்கிய முட்டை அட்டைத் துண்டு ஒன்று, அடியில் கொஞ்சம் தவிடு, அதோடு கலந்து கிடக்கும் காய்ந்த எச்சம். பூச்சிகள் அட்டை மடிப்புக்குள் ஒண்டிக்கொண்டிருக்கும். வயிறு ஒட்டிப்போயிருக்கும். பண்ணையிலிருந்து கிளம்பி, கடை அலமாரியில் சில நாள் இருந்து, நம் கைக்கு வருவதற்குள் அவை தின்றதெல்லாம் வெளியே போயிருக்கும். அதை அப்படியே பல்லிக்குப் போட்டால், பல்லி தின்பது பட்டினி கிடந்த ஒரு பூச்சியை.

நாங்கள் லண்டனில் இருக்கிறோம். மகள் ஆசைப்பட்டுக் கேட்டதால் லெப்பர்ட் கெக்கோ என்னும் வளர்ப்புப் பல்லி ஒன்றை வாங்கினோம். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள் இருந்ததால் அதற்கு மிளகு என்று பெயர் வைத்தாள். முதல் எட்டு மாதம் டப்பாவைத் திறந்து பூச்சியைக் கொட்டுவதுதான் என் வேலை. ஒரு நாள் மிளகு முன்காலைத் தூக்கியபோது விரல்கள் நடுங்கின. ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் எலும்புகள் மங்கலாகத் தெரிந்தன. சுண்ணாம்புச் சத்துக் குறைவு. "பல்லிக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார், சொன்னேன். "பூச்சிக்கு என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மிளகு தேறிவிட்டது. இடது முன்காலில் ஒரு சிறு வளைவு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. அந்த வளைவு உங்கள் வீட்டுப் பல்லிக்கு வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

(இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உடும்பு, நட்சத்திர ஆமை போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எந்த இனமானாலும், வாங்கும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள்.)

பூச்சியில் என்ன குறை?

புரதத்துக்குக் குறைவில்லை. குறை சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில். பூச்சிக்கு எலும்பு கிடையாது. அதன் மேலோடு கைட்டின் என்னும் கடினமான பொருளாலும் புரதத்தாலும் ஆனது. அதனால் 100 கிராம் வளர்ந்த கிரிக்கெட் பூச்சியில் கால்சியம் சுமார் 40 மில்லிகிராம்தான், பாஸ்பரஸோ 295 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. மீல்வார்ம் என்னும் வண்டுப் புழுவில் இன்னும் மோசம்: கால்சியம் சுமார் 17, பாஸ்பரஸ் 285.

பல்லிக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர். கால்சியம் குறைந்தது பாஸ்பரஸுக்குச் சமமாக இருக்க வேண்டும், இரண்டு மடங்கு இருந்தால் நல்லது. அது உணவில் கிடைக்காதபோது உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். தாடை மெத்தென்று ஆவது, கால் வளைவது, விரல் நடுங்குவது எல்லாம் அதன் பிறகு வருபவை.

பூச்சியின் உடம்பை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அதன் குடலுக்குள் என்ன இருக்கிறது என்பது நம் கையில்தான் இருக்கிறது. பல்லி பூச்சியை முழுசாக விழுங்குகிறது, குடலோடு சேர்த்து. அந்தக் குடலை நல்ல சத்தால் நிரப்பிக் கொடுப்பதைத்தான் கட் லோடிங் என்கிறார்கள். நான் வயிறு நிரப்புதல் என்று சொல்லிக்கொள்கிறேன்.

படி 1: டப்பாவிலிருந்து வெளியே எடுங்கள்

வாங்கி வந்த அன்றே பூச்சிகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள். 30 லிட்டர் பெட்டி ஒன்று நூறு, நூற்றைம்பது பூச்சிக்குத் தாராளம். மூடியில் ஒரு சதுரம் வெட்டி உலோக வலை ஒட்டுங்கள். நைலான் வலையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். உள்ளே முட்டை அட்டைகளைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், எச்சம் கீழே விழுந்துவிடும். அடியில் மண்ணோ மரத்தூளோ வேண்டாம். வெறும் தரையாக இருந்தால் துடைப்பது சுலபம். ஈரமும் எச்சமும் சேர்ந்து நாற்றம் வந்தால் பூச்சிகள் கொத்தாகச் சாகும்.

படி 2: தினசரிச் சாப்பாடு

பூச்சி வீட்டில் இருக்கும் நாளெல்லாம் அதற்கு ஒரு சாதாரணச் சாப்பாடு வேண்டும். கோதுமைத் தவிடு, ஓட்ஸ், கோழிக்குஞ்சுத் தீவனம் மூன்றையும் சம அளவில் கலந்து ஒரு சின்ன மூடியில் வைத்தால் போதும். கோழிக்குஞ்சுத் தீவனம் வாங்கும்போது மருந்து கலக்காதது என்று பார்த்து வாங்குங்கள். ரத்தக்கழிச்சல் நோய்க்காக மருந்து சேர்த்த தீவனம்தான் பல கடைகளில் முதலில் கண்ணில் படும்.

கூடவே காய்கறி. கேரட், சர்க்கரைவள்ளி, மஞ்சள் பூசணி ஆகிய மூன்றையும் நான் மாற்றி மாற்றிப் போடுகிறேன். பூச்சியின் உடம்பில் வைட்டமின் ஏ கிட்டத்தட்ட கிடையாது. ஆரஞ்சு நிறக் காய்களில் உள்ள பீட்டா கரோட்டின் பூச்சியின் குடல் வழியாகப் பல்லிக்குப் போகிறது. லெப்பர்ட் கெக்கோ அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். கீரையில் கடுகுக் கீரை நல்லது. லண்டனில் தமிழ்க் கடை பக்கத்தில் இருப்பவர்களுக்கு முருங்கைக்கீரை கிடைக்கும், அதில் கால்சியம் அதிகம். பசலைக்கீரையைத் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பல்லியின் உடம்பில் சேர விடாது.

எந்தக் காயானாலும் நன்றாகக் கழுவித் தோல் சீவிப் போடுங்கள். பூச்சிமருந்து அடித்த காயைப் பூச்சிக்கே போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைக்காதீர்கள், மூழ்கிவிடும். கடையில் தண்ணீர் ஜெல் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் கேரட் துண்டே போதும், காய்ந்ததும் மாற்றிவிட வேண்டும்.

படி 3: வயிறு நிரப்பும் கலவை

பலர் சறுக்குவது இங்கேதான், நானும் இங்கேதான் சறுக்கினேன். கேரட்டும் கீரையும் போட்டுவிட்டால் வயிறு நிரப்பியாயிற்று என்று நினைத்தேன். கேரட்டில் பெரும்பகுதி தண்ணீர். முருங்கைக்கீரையிலேயே 100 கிராமுக்கு 185 மில்லிகிராம் அளவுக்குத்தான் கால்சியம் இருக்கிறது. ஒரு பூச்சியின் குடல் எவ்வளவு சின்னது! அந்த இத்தனூண்டு இடத்தில் முழு உடம்பின் பாஸ்பரஸை ஈடுகட்டும் அளவுக்குக் கால்சியம் போக வேண்டுமென்றால், உள்ளே போகும் உணவு மிகவும் செறிவாக இருக்க வேண்டும். காய்ந்த கலவையில் 8 சதவீதம் கால்சியம் இருந்தால்தான் கணக்குச் சரிவரும்.

கால்சியம் கார்பனேட் பொடியில் 40 சதவீதம் கால்சியம். ஆகவே 100 கிராம் கலவையில் 20 கிராம் கார்பனேட் சேர்த்தால் 8 கிராம் கால்சியம் கிடைத்துவிடும். நான் செய்யும் அளவு இது:

கோழிக்குஞ்சுத் தீவனம் – 40 கிராம்
ஓட்ஸ் – 25 கிராம்
முருங்கையிலைப் பொடி – 15 கிராம்
கால்சியம் கார்பனேட் பொடி, வைட்டமின் டி3 சேர்க்காதது – 20 கிராம்

தீவனத்தையும் ஓட்ஸையும் மிக்ஸியில் போட்டு மாவாக அரையுங்கள். கொரகொரப்பாக விட்டால் பூச்சி தனக்குப் பிடித்த துண்டைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சுண்ணாம்பை ஒதுக்கிவிடும். மைய அரைத்தால் ஒதுக்க வழியில்லை. அப்புறம் முருங்கைப் பொடியும் கார்பனேட்டும் சேர்த்து, விரலில் தேய்த்துப் பார்த்தால் வெள்ளையும் பச்சையும் தனித்தனியாகத் தெரியாத வரை கலக்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் படாமல் வையுங்கள்.

இதைத் தினசரிச் சாப்பாடாகப் போடக்கூடாது. இவ்வளவு சுண்ணாம்பைத் தொடர்ந்து தின்றால் கிரிக்கெட் பூச்சி செத்துப்போகும். பல்லிக்குப் போடுவதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும்தான் இந்தக் கலவை.

படி 4: நேரமும் வெப்பமும்

பல்லிக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு என்றால், புதன்கிழமை ராத்திரியே வேண்டிய பூச்சிகளை ஒரு சின்னப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே முட்டை அட்டை ஒன்று, கலவை ஒரு மூடி, தண்ணீர் ஜெல் கொஞ்சம். வேறு எதுவும் வேண்டாம், முக்கியமாகக் காய்கறி வேண்டாம். சாறுள்ள காய் பக்கத்தில் இருந்தால் பூச்சி அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்ளும், மாவைத் திரும்பிப் பார்க்காது. கேரட்டெல்லாம் புதன்கிழமைக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

24 மணி நேரம் குறைந்தபட்சம், 48 மணி நேரம் நல்லது.

வெப்பத்தை மறந்துவிடாதீர்கள். என் முதல் குளிர்காலத்தில் சின்னப் பெட்டியைப் பின்கட்டு ஷெட்டில் வைத்திருந்தேன், சத்தம் கேட்கக்கூடாதென்று. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மாவின் மேல் நான் விரலால் இழுத்த கோடு அப்படியே இருக்கிறது. ஒரு பூச்சிகூடத் தொடவில்லை. குளிரில் பூச்சிக்குப் பசி எடுக்காது, எடுத்தாலும் செரிக்காது. 26 முதல் 30 டிகிரி செல்சியஸ் வேண்டும். இப்போது பெட்டியை மிளகின் கண்ணாடித் தொட்டிக்கு மேல், விளக்கின் சூடு படும் ஓரத்தில் வைக்கிறேன். உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டர் கிடக்கிறது.

மீல்வார்ம் வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதைக் குளிர்பெட்டியில் வைப்பது வழக்கம், அப்போதுதான் வண்டாக மாறுவது தள்ளிப்போகும். ஆனால் குளிர்பெட்டியிலிருந்து நேராகப் பல்லிக்குப் போவது வெறும் வயிற்றுப் புழு. வெளியே எடுத்து, தவிட்டைச் சலித்துவிட்டு, அறைச் சூட்டில் இந்தக் கலவைக்குள்ளேயே ஒரு நாள் விடுங்கள். வெட்டுக்கிளிக்கு மாவைவிட இலைதான் பிடிக்கும். கழுவிய கடுகுக் கீரையின் ஈரத்தின் மேல் கலவையைத் தூவி, இலை முழுக்க ஒட்டவைத்துக் கொடுங்கள்.

கறுப்புச் சிப்பாய் ஈ என்னும் ஈயின் புழுவும் கடையில் கிடைக்கும். 100 கிராமில் 900 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ள புழு அது. சுண்ணாம்பைத் தன் தோலிலேயே சேர்த்து வைத்துக்கொள்வதால் அதற்கு இந்த வேலையெல்லாம் தேவையில்லை. வாரம் ஒரு முறை அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

படி 5: வயிறு நிரம்பியதா என்று பாருங்கள்

ஒரு பூச்சியைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஒட்டிய வயிறு வளையம் வளையமாகச் சுருங்கித் தெரியும். நிரம்பிய வயிறு உப்பி, வளையங்களுக்கு இடையே உள்ள மெல்லிய தோல் விரிந்து வெளுத்திருக்கும், உள்ளே அடர்ந்த பச்சை நிழல் ஓடும். அது முருங்கைப் பொடி. மீல்வார்மில் முதுகு நெடுக ஒரு கறுத்த கோடாகத் தெரியும். அந்தக் கோடு இல்லாத புழுவைத் திரும்பப் பெட்டிக்குள் விடுங்கள். மகளுக்கு இந்த டார்ச் வேலை மிகவும் பிடிக்கும், வெள்ளிக்கிழமை ராத்திரி அவள்தான் சோதனை அதிகாரி.

படி 6: பொடி தூவி உடனே கொடுங்கள்

வயிறு நிரப்பிவிட்டோமே, மேலே பொடி எதற்கு என்று கேட்கலாம். இரண்டும் வேண்டும். கால்சியம் பொடி ஒரு சிட்டிகை, பூச்சிகள் நான்கைந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மெல்லக் குலுக்கி உடனே கொடுங்கள். கிரிக்கெட் பூச்சி தன் காலையும் மீசையையும் ஓயாமல் வாயால் துடைத்துக்கொண்டே இருக்கும். தொட்டிக்குள் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் மேலே ஒட்டிய பொடி பெரும்பாலும் போய்விடும். வயிற்றுக்குள் இருப்பதைத் துடைத்துப் போக்க முடியாது, அதனால்தான் இத்தனை பாடுபடுகிறோம்.

வைட்டமின் டி3 இல்லாவிட்டால் உள்ளே போன கால்சியம் உடம்பில் சேராது. யூவிபி என்னும் புற ஊதாக் கதிர் தரும் விளக்கு இருந்தால் பல்லி தானே டி3 செய்துகொள்ளும். விளக்கு இல்லாதவர்கள் டி3 கலந்த பொடியைச் சேர்க்க வேண்டும், ஆனால் டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். டி3 உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும், கூடினாலும் கெடுதல்தான். எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை உங்கள் பல்லியைப் பார்த்த மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சியின் அளவு பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக்கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்த லெப்பர்ட் கெக்கோவுக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை. கால் மணி நேரத்தில் தின்னாத பூச்சியைப் பிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். பசித்த கிரிக்கெட் பூச்சி, தூங்கும் பல்லியின் விரலையும் வாலையும் கடிக்கும். வெளியே எடுத்ததைக் கலவைப் பெட்டியில் திரும்பப் போடாமல் தினசரிச் சாப்பாடு உள்ள பெரிய பெட்டியில் விடுங்கள். அடுத்த முறைக்கு அதன் வயிற்றை மறுபடி முதலிலிருந்து நிரப்ப வேண்டும், பழைய சத்து ஒன்றிரண்டு நாளில் வெளியே போய்விடும்.

தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். எந்த மருந்து அடித்த செடியிலிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது. மின்மினியின் உடம்பில் உள்ள நஞ்சு பல்லியைக் கொன்றே விடும், பியர்டட் டிராகன் என்னும் வளர்ப்புப் பல்லிகள் அப்படி இறந்திருக்கின்றன.

சமையலறைத் தராசில் மிளகை வாரம் ஒரு முறை நிறுத்து, நாட்காட்டியில் எழுதி வைக்கிறோம். போன ஞாயிறு 61 கிராம்.