தண்ணீருக்கு அசராத கை அட்டை

கும்பகோணத்திலிருந்து மொத்தக் குடும்பமும் சென்னைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போவதாக முடிவானது. பிள்ளைகள் மட்டும் 9 பேர். கூட்டத்தில் தவறிவிட்டால்? அக்காவுக்கு அதே கவலை. சரி, ஆளுக்கொரு அட்டை செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முன்னால் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பின்னால் எங்கள் போன் எண்கள். கோக்க வாழைநார். கொல்லையில் கிடக்கிறதே என்ற சிக்கனம்தான்.

கிளம்ப 3 நாள் இருக்கும்போது, லேமினேஷன் செய்த ஒன்றை வாளித் தண்ணீரில் இரவு முழுக்கப் போட்டுவைத்தேன். காலையில் பார்த்தால் எண்கள் நீலக் குழம்பு. அட்டையை ஓரத்தோடு ஓரமாக வெட்டியிருந்தேன், துளையும் காகிதத்தின் மேலேயே. வெட்டிய இடமெல்லாம் காகிதம் விளக்குத் திரி மாதிரி தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. நாரும் ஊறி நைந்துவிட்டது.

அப்புறம் காகிதத்தைச் சிறிதாக வெட்டி, லேமினேஷன் செய்தபின் சுற்றிலும் அரை சென்டிமீட்டர் வெறும் பிளாஸ்டிக் விட்டேன். மேல்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் அகலம், துளை அதில்தான். மூலைகளை உருட்டி வெட்டினேன், இல்லாவிட்டால் குத்தும். எண்ணை ஜெல் பேனாவில் எழுதாமல் பால்பாயிண்டில் எழுதினேன். நாருக்குப் பதில் தையல்கடை எலாஸ்டிக், அதுவும் மணிக்கட்டில். கழுத்தில் தொங்கினால் ராட்டினத்தில் எங்காவது மாட்டும். வாளியில் மறுபடி ஓர் இரவு. ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை.

திரும்பும்போது 8 அட்டைதான் இருந்தது. தங்கை மகன் ஒன்றை ரயிலில் பக்கத்து சீட் பாப்பாவுக்குக் கொடுத்துவிட்டானாம். மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து போன் வந்தது.