இரண்டு கணினிகள், ஒரே ஃபோல்டர்: சிங்க்திங் அமைப்பது எப்படி?

அப்பா வைத்திருந்த பத்திரங்கள், கடிதங்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறேன். வீட்டில் மேசைக் கணினி, ஊருக்குப் போனால் லேப்டாப். இரண்டுக்கும் நடுவில் ஒரு பென்டிரைவ் போய்வந்துகொண்டிருந்தது. ஒருநாள் அது பஸ்ஸில் தொலைந்துவிட்டது. உள்ளே வீட்டுப் பத்திரமும் ஆதார் நகலும் எந்தப் பூட்டும் இல்லாமல் இருந்தன. அது யார் கையில் கிடைத்ததோ என்ற கவலை இன்னும் போகவில்லை. அதற்கு அப்புறம்தான் சிங்க்திங்கை அமைத்தேன்.

இது ஒரே ஃபோல்டரைப் பல கணினிகளில் ஒரே மாதிரி வைத்திருக்கும், 2013இல் வெளிவந்த கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கணக்குத் தொடங்க வேண்டாம், சந்தாவும் இல்லை. கோப்புகள் எந்த நிறுவனத்தின் சர்வரிலும் தங்காது. உங்கள் கணினிகளுக்குள்ளேயே போய்வரும், வழி முழுக்க டிஎல்எஸ் மறையாக்கத்துடன், அதாவது நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு. ஒன்றை மட்டும் இப்போதே மனதில் வையுங்கள்: இந்தப் பூட்டு வழிக்குத்தான். போய்ச் சேர்ந்த கோப்பு டிஸ்கில் சாதாரணக் கோப்பாகவே இருக்கும். லேப்டாப் திருடுபோனாலும் பயமில்லாமல் இருக்க விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், லினக்ஸில் லக்ஸ் என்று டிஸ்கையே தனியாகப் பூட்ட வேண்டும். அதையும் செய்துவிடுங்கள்.

நிறுவுதல்

லினக்ஸில் பேக்கேஜ் மேனேஜரிலேயே கிடைக்கும். மற்றவற்றுக்கு சிங்க்திங்கின் சொந்தத் தளத்தின் டவுன்லோட் பக்கத்தில் தொடங்குங்கள். இரண்டு கணினிகளிலும் ஓடவிட்டு, பிரவுசரில் 127.0.0.1:8384 என்று அடித்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். பிரவுசரில் தெரிந்தாலும் அது உங்கள் கணினிக்குள்ளேயே இருக்கும் பக்கம்தான். முதல் வேலையாக செட்டிங்ஸில் ஜியுஐ பகுதிக்குப் போய்ப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வையுங்கள். வைக்காவிட்டால், அந்தக் கணினியில் உட்காருகிறவர் உங்கள் ஃபோல்டரைத் தன் கணினியோடு இணைத்துக்கொள்ள முடியும்.

ஐடியைப் பரிமாறிக்கொள்ளுதல்

முதல் தடவை ஓடும்போதே ஒவ்வொரு கணினியும் தனக்கென ஒரு சான்றிதழை உருவாக்கிக்கொள்கிறது. டிவைஸ் ஐடி என்பது அதன் கைரேகை போன்றது. ஆக்‌ஷன்ஸ் மெனுவில் ஷோ ஐடியை அழுத்தினால் தெரியும்: ஏழேழு எழுத்தாக எட்டுத் தொகுதி, மொத்தம் 56. அதிலேயே சரிபார்ப்பு எழுத்துகளும் கலந்திருப்பதால், கையால் அடித்துத் தவறினால் பெரும்பாலும் உடனே பிடித்துவிடும். 0, 1, 8, 9 ஆகிய எண்கள் அதில் வரவே வராது. வட்டமாகத் தெரிந்தால் அது ஓ என்ற ஆங்கில எழுத்துதான்.

இந்த ஐடி ரகசியம் இல்லை, வாட்ஸ்அப்பில்கூட அனுப்பலாம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று சேர்த்தால்தான் இணைப்பே உண்டாகும். மேசைக் கணினியில் ஆட் ரிமோட் டிவைஸை அழுத்தி லேப்டாப்பின் ஐடியைப் போடுங்கள். சற்று நேரத்தில் லேப்டாப் பக்கத்தில் கோரிக்கை வரும். வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். அதில் தெரியும் ஐடி மேசைக் கணினியின் ஐடிதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பாதுகாப்பு முழுவதும் இந்த அரை நிமிடத்தில்தான் இருக்கிறது.

ஃபோல்டரைப் பகிர்தல்

ஆட் ஃபோல்டரில் பெயரும் இருக்கும் இடமும் கொடுத்து, ஷேரிங் பகுதியில் லேப்டாப்பை டிக் செய்யுங்கள். அங்கே அறிவிப்பு வரும், ஏற்று இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பெயர் இரண்டு பக்கமும் வேறாக இருக்கலாம், ஃபோல்டருக்கு சிங்க்திங் தரும் அடையாளமான ஃபோல்டர் ஐடி ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் மூன்று நான்கு கோப்புகள் உள்ள ஒரு சோதனை ஃபோல்டரை வைத்துப் பாருங்கள்.

பெரிய ஃபோல்டரை முதல் தடவை அனுப்பும்போது இரண்டு கணினிகளும் ஒரே வைஃபையில் இருக்கட்டும். நம் ஊரில் பல இணைய இணைப்புகளுக்குத் தனி பொது ஐபி, அதாவது வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய இணைய முகவரி, கிடைப்பதில்லை. அப்போது வெளியூரிலிருந்து நேர் இணைப்பு அமையாமல் நடுவில் நின்று கடத்திவிடும் ரிலே சர்வர் வழியாகப் போகலாம். ரிலேயால் கோப்பைத் திறந்து படிக்க முடியாது, ஆனால் வேகம் குறையும்.

அழித்தால் என்ன ஆகும்?

ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழிந்துவிடும். அதனால் இதை பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபோல்டரின் ஃபைல் வெர்ஷனிங் பகுதியில் ட்ராஷ் கேனையாவது தேர்ந்தெடுங்கள். அது மற்ற கணினியிலிருந்து வந்த மாற்றத்தால் அழியும் அல்லது மாறும் கோப்பின் பழைய பதிப்பை மட்டுமே எடுத்து வைக்கும், அதே கணினியில் நீங்களே அழித்ததை வைக்காது. ஆகவே இரண்டு பக்கமும் அமைக்க வேண்டும். அதுபோக நான் மாதம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுக்கிறேன்.

ஒரே கோப்பை இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் திருத்தினால், ஒரு பதிப்பு 'சிங்க் கான்ஃப்ளிக்ட்' என்ற சொற்கள் சேர்ந்த பெயரோடு தனியாக நிற்கும். இரண்டையும் திறந்து பார்த்து வேண்டியதை வைத்துக்கொள்ளலாம். கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஃபோல்டரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒன்று. லினக்ஸில் கோப்பின் பெயர் பொதுவாக 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால் 85 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். 'கொ' என்ற ஓர் எழுத்தே க, ொ என்று இரண்டு குறியீடுகள். விண்டோஸ் ஏற்றுக்கொண்ட நீளமான பெயர் லினக்ஸில் நின்றுவிடுவது இதனால்தான்.

மூன்றாவது கணினி

இரண்டு கணினிகளும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டு, ஒரே வைஃபையிலோ இணையத்திலோ இருந்தால்தான் கோப்பு நகரும். எப்போதும் ஓடும் மூன்றாவது ஒன்று இருந்தால் வசதி. என் அண்ணன் வீட்டில் ஒரு பழைய கணினி அப்படி ஓடுகிறது. பலர் புழங்கும் கணினி என்பதால், ஷேரிங் பகுதியில் அதன் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டத்தில் ஒரு கடவுச்சொல் கொடுத்தேன். அங்கே போகும் கோப்பு மட்டுமல்ல, அதன் பெயர்கூட மறையாக்கத்தோடுதான் இருக்கும். அண்ணன் திறந்து பார்த்தாலும் ஒன்றும் புரியாது. லேப்டாப்பிலிருந்தும் அங்கே பகிர்வதென்றால் அதே கடவுச்சொல்லைத்தான் கொடுக்க வேண்டும். அது மறந்துபோனால் அங்கிருப்பதை மீட்க வழியில்லை. நான் அதை ஒரு தாளில் எழுதி, அப்பாவின் பத்திரங்கள் இருக்கும் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன்.