பழமரத்து நத்தை: ஏற்காட்டுத் தோட்டங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

ஆடியில் பப்பாளிக் கன்று மொட்டையான பிறகுதான் பலரும் நத்தை மருந்து கேட்டு மலையிறங்கிச் சேலத்துக் கடைகளுக்குப் போகிறார்கள். அது மூன்று மாதம் தாமதம். ஆப்பிரிக்க ராட்சத நத்தை வறட்சியில் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு கல்கட்டு இடுக்கிலும் மண்ணுக்குள்ளும் முடங்கிக் கிடக்கும். கோடைமழை இரண்டு நன்றாகப் பெய்தால் பசியோடு வெளியே வரும். இதில் ஆண், பெண் என்று தனியாக இல்லை. வளர்ந்த எல்லா நத்தையும் முட்டையிடும், ஓர் ஈட்டில் இருநூறுகூட இடும். அந்த ஈட்டுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும்.

பிடிப்பது எளிது. நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்து, சாயங்காலம் மரங்களுக்கிடையே போடுங்கள். விடிந்ததும் வெயில் ஏறுமுன் புரட்டிப் பார்த்தால் கூட்டமாக ஒட்டியிருக்கும். 10 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ கல்லுப்புக் கரைத்த வாளியில் போட்டு, செத்ததும் ஒன்றரை அடிக் குழியில் மூடுங்கள். மூடும் இடம் மரத்தைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். உப்பை நேராக மரத்தடியில் தூவுகிறவர்கள் நத்தையோடு வேரையும் கெடுக்கிறார்கள். வேலிக்கு வெளியே வீசுவதும் வீண், ராத்திரியே திரும்பி வந்துவிடும். வெறுங்கையால் தொடவே கூடாது. மூளை உறையைத் தாக்கும் ஒரு புழு இந்த நத்தையின் உடலில் இருக்கக்கூடும். கையுறை போட்டாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இலையில் ஓட்டை கண்டதும் புழு மருந்து அடிப்பது இன்னொரு வீண் செலவு. இரவு எட்டு, ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள். பளபளக்கும் கோழைத் தடம் தெரிந்தால் அது நத்தை, அல்லது ஓடில்லா நத்தை. புழு மருந்து அதை ஒன்றும் செய்யாது.

நத்தை மருந்தான மெட்டால்டிஹைடு 2.5 சதவீதக் குருணையைக் குவியலாகக் கொட்டுவதும் மழைக்கு முன் தூவுவதும் பெருந்தவறு. அந்த மருந்து நத்தையைக் கோழை கக்கவைத்து, உடம்பு வற்றிச் சாகவைக்கிறது. மலையின் ஈரக்காற்றிலோ இழந்த நீரை மீண்டும் உறிஞ்சி எழுந்து நடந்துவிடும். எனவே மழையில்லாத நாளின் சாயங்காலம், உறையில் சொன்ன அளவில் சிதறித் தூவி, மறுநாள் காலை மயங்கிக் கிடப்பவற்றைப் பொறுக்கியே ஆகவேண்டும். நாயும் மாடும் திரியும் தோட்டமென்றால் இதை வாங்காமலிருப்பதே மேல். அவற்றுக்கும் இது விஷம்.

ஏற்காட்டில் அதிகம் கைகொடுப்பது, நத்தை ஏறாமலிருக்க மரத்தண்டில் பூசும் போர்டோ பசைதான். காப்பித் துரு நோய்க்கு அரை சதவீத போர்டோ கலவை அடித்துப் பழகிய கைகளுக்குச் சிரமமில்லை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோவை 5 லிட்டரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை 5 லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தநீரைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை முக்கியெடுத்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை, பட்டர் ஃப்ரூட் மரங்களில் தரையிலிருந்து இரண்டடி உயரம் பூசலாம். பப்பாளி, வாழையின் மெல்லிய தண்டுக்கு வேண்டாம்.

பூசியும் பலனில்லை என்பவர்களின் தோட்டத்தில் பெரும்பாலும் பாலம் இருக்கும். தரையைத் தொடும் கிளையோ, ஆரஞ்சின் மேல் சாய்ந்த காப்பிச் செடியோ, உயர்ந்த களையோ போதும், பசையை மிதிக்காமலே நத்தை மேலே போய்விடும். கீழ்க்கிளைகளை இரண்டடிக்கு ஒதுக்கி, காப்பியைக் கவாத்து செய்த பிறகே பூசுங்கள். பசைக்குப் பதில் தண்டில் செம்புத் தகடு சுற்றுபவர்களுக்கும் இதே விதிதான். மரம் பருக்க இடம் விட்டுச் சுற்ற வேண்டும்.

மூடாக்கைத் தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஓரடி தள்ளிப் போடுங்கள். தேங்காய் மட்டை, பழைய ஓடு எல்லாம் பகலில் நத்தைக்கு வீடு. பாசனம் காலையில் இருக்கட்டும்; மாலையில் நனைந்த மண் இரவெல்லாம் அதற்கு வழி போட்டுக் கொடுக்கும். தடுப்பாகத் தூவும் சாம்பலும் முட்டை ஓடும் காய்ந்திருக்கும் வரைதான், பனியில் நனைந்தால் தாண்டிவிடும்.

நாற்றுப்பை வழியாகப் புது நத்தை வருவதைப் பலர் கவனிப்பதே இல்லை. பையின் அடியையும் மேல்மண்ணையும் கிளறிப் பாருங்கள். மிளகளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் கொத்தாகக் கிடந்தால் அந்தக் கன்று வேண்டாம். வாங்கிய கன்றுகளை இரண்டு வாரம் செங்கல் மேல் தனியே வைத்துக் கவனித்தபின் நடுங்கள்.