கூகுளில் உங்கள் தளம் வரவில்லையா? முதலில் கதவு திறந்திருக்கிறதா பாருங்கள்

பூம்பாறையில் என் சித்தப்பா மலைப்பூண்டு போடுகிறார். மூட்டை கட்டி வடுகபட்டி சந்தைக்கு இறக்கிவிடுவதுதான் வழக்கம். நேரடியாக வீடுகளுக்கே கூரியரில் அனுப்பலாம் என்று ஒருவரிடம் சொல்லி வேர்ட்பிரஸ்ஸில் ஒரு தளம் கட்டிக்கொண்டார். நான்கு மாதம் ஆகியும், தளத்தின் பெயரையே அடித்துத் தேடினாலும் கூகுளில் வரவில்லை. "தளம்தான் இருக்குல்ல, பின்னே ஏன்ப்பா வரமாட்டேங்குது?" என்று கேட்டார். இரண்டு வாரம் உட்கார்ந்து சரிசெய்தேன். கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், சாக்லேட், தைலம் விற்பவர்கள் என்று பலரும் இதையே கேட்பதால் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். டொமைன் வாங்கி, தளம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கூகுளுக்குத் தளம் தெரியுமா?

கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை அடியுங்கள். ஒரு பக்கமும் வரவில்லை என்றால் தளம் இன்டெக்ஸில், அதாவது கூகுள் தேடிக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்திருக்கும் பட்டியலில், இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். இது மேலோட்டமான சோதனைதான். உறுதியான பதில் அடுத்த படியில் கிடைக்கும்.

2. சர்ச் கன்சோல்

உங்கள் தளத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். இலவசம். இதைத் தவிர வேறு எந்தக் கருவிக்கும் ஆரம்பத்தில் காசு செலவழிக்க வேண்டாம் என்பது என் திடமான கருத்து. "ஆயிரம் தேடுபொறிகளில் சேர்த்துத் தருகிறோம்" என்று வரும் விளம்பரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

உள்ளே போனதும் டொமைன், யூஆர்எல் ப்ரீஃபிக்ஸ் என்று இரண்டு வழி கேட்கும். டொமைனைத் தேர்ந்தெடுங்கள். தளம் உங்களுடையதுதான் என்று காட்ட, டொமைன் வாங்கிய இடத்தின் டிஎன்எஸ் (டொமைனுக்கான அமைப்புகள்) பகுதியில் ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்டு, அதாவது கூகுள் தரும் ஒரு வரி, சேர்க்கச் சொல்லும், அவ்வளவுதான் வேலை. மற்றதில் நீங்கள் கொடுத்த முகவரி மட்டுமே கணக்கு; முன்னால் டபிள்யூ மூன்று போட்டால் ஒரு கணக்கு, போடாவிட்டால் வேறு கணக்கு. டொமைன் வழியில் எல்லாமே ஒன்றாக வந்துவிடும்.

3. கதவு

எனக்கு அதிக நாள் பிடித்த இடம் இதுதான்.

ஒரு பக்கம் கூகுளில் வர இரண்டு வேலை நடக்க வேண்டும். கூகுளின் பாட் (தளங்களைப் படித்துக்கொண்டே போகும் தானியங்கி நிரல்) வந்து பக்கத்தைப் படிக்க வேண்டும்; படித்ததை இன்டெக்ஸில் சேர்க்க வேண்டும். முதலாவதைத் தடுப்பது ரோபாட்ஸ் டிஎக்ஸ்டி கோப்பு. 1994இல் வந்த ஏற்பாடு, இன்றும் அதே வழக்கம்தான். இரண்டாவதைத் தடுப்பது பக்கத்துக்குள் இருக்கும் நோஇன்டெக்ஸ் என்ற குறி.

சித்தப்பாவின் தளத்தில் இரண்டுமே இருந்தன. தள முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ரோபாட்ஸ் புள்ளி டிஎக்ஸ்டி என்று ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்தேன். "டிஸ்அலோ" என்ற சொல்லுக்குப் பிறகு ஒற்றைச் சாய்கோடு. அந்த ஒரு கோட்டுக்கு அர்த்தம், முழுத் தளத்துக்குள்ளும் யாரும் வராதே. கட்டிக்கொண்டிருக்கும்போது போட்டது, முடிந்த பிறகு எடுக்கவில்லை. அந்த வரியை நீக்கினேன்.

ஒரு வாரம் கழித்தும் வரவில்லை. அப்புறம்தான் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பகுதிக்குப் போனேன். கீழே, தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்ற பொருளில் ஒரு சிறிய பெட்டி; அதில் டிக். எடுத்தேன், சேமித்தேன். பிரவுசரில் பக்கத்தின் சோர்ஸைத் திறந்து பார்த்தேன், நோஇன்டெக்ஸ் போய்விட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

ஆனால் சர்ச் கன்சோலில் யூஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன் போட்டு, "டெஸ்ட் லைவ் யூஆர்எல்" அழுத்தினால் நோஇன்டெக்ஸ் இருக்கிறது என்றே காட்டியது. நான் பார்த்தால் இல்லை, கூகுள் பார்த்தால் இருக்கிறது. இரண்டு நாள் இதிலேயே போனது. காரணம் கேஷ் ப்ளக்இன் (ப்ளக்இன் என்பது வேர்ட்பிரஸ்ஸில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்). தளத்தின் பழைய நகல் ஒன்றை அது சேமித்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுத்துக்கொண்டிருந்தது. நான் அட்மினாக உள்ளே நுழைந்திருந்ததால் எனக்கு மட்டும் புதுப் பக்கம் வந்தது. உள்நுழைவு எதுவும் இல்லாத இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்ததும் பழைய குறி அப்படியே கண்ணில் பட்டது. கேஷை முழுவதும் காலி செய்தேன். அடுத்த சோதனையில் பச்சை டிக்.

அதனால் எதைச் சரிபார்த்தாலும் இன்காக்னிட்டோவில் பாருங்கள். இன்ஸ்பெக்‌ஷனில் முதலில் தெரிவது கூகுள் கடைசியாக எடுத்து வைத்திருக்கும் நிலவரம். இப்போதைய நிலவரம் லைவ் டெஸ்ட்டில்தான் தெரியும்.

இன்னொன்று. ஒரு பக்கத்தை வேண்டுமென்றே மறைக்க நினைத்தால் நோஇன்டெக்ஸ் மட்டும் போடுங்கள். ரோபாட்ஸிலும் சேர்த்துத் தடுத்தால் பாட் உள்ளேயே வராது, அந்தக் குறியைப் படிக்காது. வேறு யாராவது இணைப்புக் கொடுத்திருந்தால் முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கும்.

4. சைட்மேப்

சைட்மேப் என்பது தளத்தில் உள்ள பக்கங்களின் முகவரிப் பட்டியல். 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ்ஸே அதைத் தயாரிக்கிறது. சர்ச் கன்சோலில் சைட்மேப்ஸ் பகுதியில் அதன் முகவரியைக் கொடுத்துவிடுங்கள். ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை போகலாம். நமக்கு இருபதைத் தாண்டாது. இதற்கென்று தனி ப்ளக்இன் தேவையே இல்லை.

சைட்மேப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது தளத்துக்குள் இருக்கும் இணைப்புகள். முகப்பிலிருந்து எந்த வழியிலும் போக முடியாத பக்கம் கூகுளுக்கும் எட்டாக்கையில்தான் இருக்கும். சித்தப்பாவின் விலைப்பட்டியல் அப்படித்தான் கிடந்தது, அதுவும் போனில் எடுத்த படமாக. கிலோ, விலை, கூரியர் செலவு எல்லாவற்றையும் எழுத்தாகவே அடித்து, முகப்பிலிருந்து இணைத்தேன்.

5. ரிக்வெஸ்ட் இன்டெக்ஸிங்

முக்கியமான நான்கைந்து பக்கங்களுக்கு மட்டும் இன்ஸ்பெக்‌ஷனில் இந்தப் பொத்தானை அழுத்துங்கள். ஒருமுறை போதும், பத்து முறை அழுத்தினாலும் வேகம் கூடாது. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். முகப்புப் பக்கம் எங்களுக்கு ஆறாம் நாள் வந்தது. பிங் தேடுபொறிக்கான இதே போன்ற கருவியான பிங் வெப்மாஸ்டர் டூல்ஸையும் விட்டுவிடாதீர்கள். சர்ச் கன்சோலிலிருந்தே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும், இரண்டு நிமிட வேலை.

தமிழ் முகவரிகள் பற்றி

பதிவின் தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழில் அமைக்கும். கூகுளுக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் உள்ளே ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக மாறுகிறது. 'கொ' என்பதே க ஒன்று, அதில் ஒட்டும் ஒகரக் குறி ஒன்று என்று இரண்டு குறி, அதாவது பதினெட்டு எழுத்து. வேர்ட்பிரஸ்ஸின் வரம்பு 200. "கொடைக்கானல் மலைப்பூண்டு" என்ற இரண்டு சொல்லிலேயே 199 ஆகிவிடுகிறது. மூன்றாவது சொல்லுக்கு இடமில்லை. இப்படித் தொடங்கிய மூன்று பதிவுகளுக்கும் ஒரே முகவரி வந்து, பின்னால் 2, 3 என்று எண் ஒட்டிக்கொண்டது. தலைப்பைத் தமிழிலேயே வையுங்கள், அது தமிழில்தான் இருக்க வேண்டும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையால் அடித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அழகாக இருக்கும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு மன்னவனூரிலிருந்து ஒருவர், முகவரியை மாற்றியதும் பழைய இணைப்பில் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) வருகிறது என்று எழுதினார். பதிவு என்றால் வேர்ட்பிரஸ்ஸே பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடும். 'பேஜ்' வகைக்கு அப்படிச் செய்யாது. ரீடைரக்‌ஷன் என்ற இலவச ப்ளக்இன்னைப் போட்டுப் பழைய முகவரியை நீங்களே திருப்பிவிட வேண்டும்.

கோத்தகிரியில் ஹோம்ஸ்டே வைத்திருக்கும் ஓர் அக்காவுக்குச் சர்ச் கன்சோல் திடீரென்று அனுமதி இல்லை என்றது. சரிபார்ப்பு முடிந்துவிட்டதே என்று டிஎக்ஸ்டி ரெக்கார்டை நீக்கியிருக்கிறார். கூகுள் அவ்வப்போது திரும்பி வந்து அதைப் பார்க்கும். மறுபடி சேர்த்ததும் சரியாகிவிட்டது.