கீசர் தெர்மோஸ்டாட்: சோதிப்பதும் மாற்றுவதும்

மார்கழியில் ஒரு காலை, திருநகரில் எங்கள் வீட்டு 15 லிட்டர் கீசரிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் வந்தது. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சிறிய சிவப்புப் பொத்தானை அழுத்தினேன், சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் குழாயைத் திறந்ததும் ஆவி சீறியது. மாலைக்குள் கீசர் மறுபடியும் நின்றுவிட்டது.

அந்தப் பொத்தான்தான் கட்-அவுட். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காவல். அது திரும்பத் திரும்ப விழுந்தால், வைத்த சூட்டை எட்டியதும் மின்சாரத்தை நிறுத்தவேண்டிய பாகமான தெர்மோஸ்டாட்டை முதலில் சந்தேகியுங்கள். கட்-அவுட்டை விலக்கி நேரடியாக இணைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிளக்கைப் பிடுங்குங்கள். பிளக் இல்லையென்றால் எம்சிபியை (மின்பலகையில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை) இறக்கிவிட்டு, மின்சாரம் இல்லை என்பதை மல்டிமீட்டரில் (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) உறுதிசெய்யுங்கள். நியான் டெஸ்டரை மட்டும் நம்பி நான் எதையும் தொடுவதில்லை. ஒயர்களைக் கழற்றுமுன் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஹீட்டிங் காயிலின் இரு முனைகளையும் அளந்து பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் காயில் என்றால் ஏறத்தாழ 26 ஓம் காட்ட வேண்டும். எதுவுமே காட்டாவிட்டால் போனது காயில்தான். முனைக்கும் தொட்டியின் உலோகத்துக்கும் இடையே இணைப்பு காட்டினாலும் காயிலை மாற்றியே ஆகவேண்டும்; அதுவரை கீசரைப் போடவே கூடாது.

நான் ஏமாந்த இடம் இனிதான் வருகிறது. ஆறியிருந்த தெர்மோஸ்டாட்டில் மீட்டரை வைத்தேன், 'பீப்' என்றது. நல்லதுதான் என்று திரும்ப மாட்டிவிட்டேன். ஆறிய நிலையில் நல்ல தெர்மோஸ்டாட் இணைப்பில்தான் இருக்கும். உள்முனைகள் உருகி ஒட்டிக்கொண்டதும் அப்படித்தான் காட்டும். ஆகவே, தெர்மோஸ்டாட்டை அதன் நீண்ட தண்டோடு மெல்ல உருவி, சூட்டை அமைக்கும் திருகைக் குறைந்த அளவில் வைத்து, மீட்டரை இணைத்தபடியே ஒரு டம்ளர் கொதிநீரில் தண்டை மட்டும் அமிழ்த்துங்கள். தலைப்பகுதி நனையக் கூடாது. சற்று நேரத்தில் 'டிக்' என்று விடுபட்டு மீட்டர் ஓய வேண்டும். என்னுடையது ஓயவே இல்லை. அதன் ஒரு திருகுமுனை கரியாய்க் கறுத்திருந்தது.

தண்டு மூடிய குழலுக்குள் இருப்பதால் தொட்டியைக் காலிசெய்யத் தேவையில்லை. உருவும்போது தண்ணீர் கசிந்தால் குழல் அரித்துவிட்டது என்று பொருள். அப்போது காயிலோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எங்களைப் போல உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோர் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பழையதைக் கையோடு டவுன்ஹால் ரோட்டுக்குக் கொண்டுபோனேன். தண்டின் நீளமும் ஆம்பியர் அளவும் ஒத்திருக்க வேண்டும். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம். உங்கள் கீசர் நிறுவனத்தின் உதிரிபாகமே கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

படத்தைப் பார்த்து ஒயர்களை மாட்டி, திருகுகளை நன்றாக முடுக்குங்கள். கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும் இடம் அது. தளர்ந்த திருகு சூடேறிக் கருகும். கட்-அவுட் பொத்தானை அழுத்தி, மூடியை மாட்டி, சுடுநீர்க் குழாயில் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். 60 டிகிரியில் வைத்தேன். ஏறத்தாழ 20 நிமிடத்தில் 'டிக்' என்றது, விளக்கு அணைந்தது.

பின்சேர்க்கை: 3 லிட்டர் கீசரில் தண்டே இல்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பலவற்றில் தெர்மோஸ்டாட் வில்லை வடிவில் தொட்டியின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும். அதைக் கொதிநீரில் போடாதீர்கள்.