சளிக்கு வீட்டு மருந்து: எங்கே தப்பு பண்ணுகிறோம்?

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மழைக்காலம் இரண்டு. ஆனி ஆடிச் சாரலில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு தடவை என்று வீட்டில் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். உடனே சுக்கும் நல்லமிளகும் துளசியும் கருப்பட்டியும் போட்டு அடுப்பில் காப்பி கொதிக்கும். நல்ல பழக்கம், நானும் குடிக்கிறேன். ஆனால் பெரியவர்களுக்குக் கேட்கிற மருந்தையே கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் பிரஷர் மாத்திரை போடுகிறவருக்கும் கொடுத்துவிடுகிறோம், அதுதான் பயமாக இருக்கிறது.

முதலில் தேன். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பெட்டி வைத்து எடுத்த சுத்தமான தேனாகவே இருந்தாலும், ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. உரைமருந்தைக் குழைக்கவும் வேண்டாம். தேனில் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம், நம் குடலில் அது ஒன்றும் செய்யாது, பச்சைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். பால் குடிக்காது, கழுத்து துவளும், மூச்சே தடைபடலாம். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடக்கும். வீட்டு அடுப்பில் சூடாக்கினால் அந்த வித்து சாகாது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் கொடுங்கள், ராத்திரி இருமல் குறையும்.

அடுத்தது சூடம். தேங்காய் எண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது நம் வீடுகளில் சர்வசாதாரணம். இரண்டு வயதுக்குள் அது வேண்டவே வேண்டாம். உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம், கொஞ்சம் வாய்க்குள் போனாலே ஆபத்து. மூக்கடைப்புக்கு மூக்கில் எண்ணெய் விடுவது அதைவிட மோசம், அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். மருந்துக்கடையில் உப்புநீர் சொட்டு மருந்து கிடைக்கிறது, அது போதும்.

வேது பிடிக்கிற விஷயத்தில் எங்கள் வீட்டிலேயே பட்டிருக்கிறோம். நொச்சி இலை போட்டுக் கொதித்த பானையைத் தரையில் வைத்து, அக்கா மகனைப் போர்வைக்குள் உட்காரவைத்தோம், மூச்சு முட்டி அவன் காலை உதறியதில் தண்ணீர் தொடையில் கொட்டிவிட்டது. சளி நாலு நாளில் போனது, தழும்பு இன்றும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வேது வேண்டாம். பெரியவர்கள் பிடித்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, ஆடாத மேசைமேல் வைத்துப் பிடியுங்கள்.

ஆடாதோடை நிஜமாகவே வேலை செய்கிற இலை. இருமல் மருந்துகளில் வருகிற புரோம்ஹெக்சின், இதிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை வைத்து உருவாக்கியதுதான். அதே வாசிசின் கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும், அதனால் கர்ப்பிணிகள் பக்கம் இந்தக் கஷாயம் போகவே கூடாது. இலைதானே, என்ன செய்துவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். அதிமதுரமும் அப்படித்தான். தொண்டைக்கு இதமாக இருக்கிறதே என்று தினமும் வாயில் அடக்கினால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடாமல் இருப்பது நல்லது. அப்புறம் கருப்பட்டி, அதுவும் சர்க்கரைதான். சுகர் இருக்கிற ஆச்சிக்குச் சுக்குக் காப்பியில் இனிப்பே வேண்டாம்.

சுக்கைத் தோல் சீவித்தான் இடிக்க வேண்டும். சுக்குக்குப் புறம் நஞ்சு என்று நம் ஆட்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். கஷாயத்தை அன்றன்றைக்கு வைத்துக் குடியுங்கள், மூன்று நாளைக்குச் சேர்த்து வைத்துச் சூடுபண்ண வேண்டாம். தூதுவளை என்று நினைத்து வேறு முள்செடியைப் பறித்துவிடாதீர்கள், தெரிந்தவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் இருமல் நிற்கவில்லை, அல்லது சளியில் ரத்தம் வருகிறது என்றால் கஷாயத்தை மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கோ போய்ச் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோயா என்று பார்க்கத்தான் அது, அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. சின்னப் பிள்ளை என்றால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க முடியாது. அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ அன்றைக்கே, ராத்திரியானாலும் சரி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.