பழைய பின்பால் எந்திரத்தை மீட்பது எப்படி: வயர் முதல் வண்ணம் வரை

பல ஆண்டுகள் யாரும் தொடாமல் கிடந்த பின்பால் எந்திரம் (காசு போட்டு, சரிந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தைத் துடுப்புகளால் அடித்து ஆடுவது) ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. கை பரபரக்கும். பிளக்கைச் சொருகிப் பார்க்கத் தோன்றும். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். வயர்களில் பாதி உறை இழந்திருக்கலாம். எவரோ ஃபியூஸுக்குப் பதில் அலுமினியத் தாளைச் சுற்றி வைத்திருக்கலாம். அரை நொடியில் ஒரு காயில் (மின்காந்தக் கம்பிச்சுருள்) கருகிப் புகையும். நல்ல நிலையில் இருந்த எந்திரங்கள் இப்படி முதல் நாளிலேயே கெட்டதைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே நான் சொல்வது 1960களின் எலக்ட்ரோமெக்கானிக்கல் எந்திரங்களைப் பற்றி. உள்ளே ஒரு சிப்புகூடக் கிடையாது. ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), காயில், மோட்டார், நூற்றுக்கணக்கான சுவிட்சுகள், அவ்வளவுதான். 1970களின் பிற்பகுதியில் மின்னணுப் பலகைகள் வந்த பிறகு செய்த எந்திரங்களுக்கு வேறு வைத்தியம். அவற்றில் பேட்டரி கசிந்து பலகையை அரித்திருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. தொடக்கக்காரர்கள் பழையதில் தொடங்குவதுதான் நல்லது என்பேன். கோளாறு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு, சிகாகோவின் கோட்லீப் நிறுவனம் 1965இல் வெளியிட்ட ‘கிங்ஸ் அண்ட் குவீன்ஸ்’ எந்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் மட்டும் ஆடுவது. வடிவமைத்தவர் வேய்ன் நெயன்ஸ், ஓவியம் ராய் பார்க்கர். சீட்டுக்கட்டு ராஜாக்களும் ராணிகளும்தான் கதை. இந்த ஓவியத்தை எவ்வளவு குறைவாகத் தொட முடியுமோ அவ்வளவு குறைவாகத் தொட வேண்டும் என்பது என் கட்சி. வயருக்கும் அதையே சொல்வேன்.

முதல் படி: பாருங்கள், படமெடுங்கள்

பிளக் வெளியே இருக்கட்டும். மேல் கண்ணாடியைக் கழற்றுங்கள், பந்தை வெளியே எடுங்கள், பிறகு ஆட்டப்பலகையைத் தூக்கி நிறுத்துங்கள். பந்தை மறந்துவிட்டுப் பலகையைத் தூக்கினால் 80 கிராம் எஃகு உருண்டை எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

இப்போது செல்போனில் படம் எடுங்கள். நூறு படம் எடுத்தாலும் அதிகம் இல்லை. ஒவ்வொரு ரப்பர் வளையமும் எந்தக் கம்பத்தில் இருக்கிறது, எந்தத் திருகு எந்த நீளம் என்பதெல்லாம் அதில் பதிவாக வேண்டும். திருகுகளைத் தனித்தனி உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். கேபினெட்டின் தரையைக் கிளறிப் பாருங்கள். உடைந்த ஸ்பிரிங், அறுந்த வயர் முனை, பழைய நாணயம் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்த ஸ்பிரிங் எங்கிருந்து விழுந்தது என்று தெரிந்தாலே ஒரு கோளாறு தீர்ந்தது போல.

சுற்றுப்படத்தாள் உள்ளே இருந்தால் உங்களுக்கு நல்ல காலம். இல்லாவிட்டால் மறுபதிப்பு விலைக்குக் கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு வயரின் நிறமும் அதில் எழுதியிருக்கும்.

இரண்டாம் படி: மின்சாரம் வரும் வழி

அந்தக் காலத்து எந்திரங்களில் இரண்டு முனைப் பிளக்தான் இருக்கும், எர்த் கிடையாது. ரப்பர் உறை தொட்டாலே உதிரும். அதை வெட்டிவிட்டு மூன்று முனை கார்டு போடுங்கள். எர்த் வயரை டிரான்ஸ்ஃபார்மர் சட்டத்திலும், காசு போடும் கதவிலும், பக்கத்து இரும்புப் பட்டைகளிலும், ஆட்டக்காரர் கைபடும் மற்ற இரும்புகளிலும் இணைக்க வேண்டும். பழமையைக் காக்க வேண்டும் என்று சொல்லும் நான் இந்த ஒரு இடத்தில் மட்டும் பழமையைப் பார்ப்பதே இல்லை. சுவர் மின்சாரத்தில் கை வைத்துப் பழக்கமில்லை என்றால் இந்த வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள்.

அமெரிக்க எந்திரம் 120 வோல்ட்டுக்குச் செய்தது. 230 வோல்ட் உள்ள நாட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

பிறகு ஃபியூஸ்கள். எல்லாவற்றையும் கழற்றி, பக்கத்தில் ஒட்டியுள்ள சீட்டில் போட்டிருக்கும் ஆம்பியர் அளவுக்குப் புதியது வாங்குங்கள். ‘அடிக்கடி போகுதே’ என்று பெரிய ஃபியூஸ் போடுவதுதான் இந்த எந்திரங்களுக்கு நடக்கும் பெரிய அநியாயம். ஃபியூஸ் பிடிப்பான் களிம்பேறித் தளர்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது சீரிஸ் லேம்ப் வழியாகக் கொடுங்கள். 100 வாட் குண்டு பல்பைத் தொடரில் வைத்து, டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் வரும் ஃபியூஸ்களை எல்லாம் எடுத்துவிட்டுச் சோதியுங்கள். பல்பு மங்கலாக எரிந்தாலோ எரியாமல் இருந்தாலோ டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்தது. பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். கோட்லீப்பில் காயில்களுக்குச் சுமார் 24 வோல்ட், விளக்குகளுக்கு 6 வோல்ட், இரண்டுமே மாறுதிசை மின்சாரம். மீட்டரில் இரண்டும் வந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடுத்த வேலைக்கு வரலாம்.

மூன்றாம் படி: துணியுறை வயர்கள்

அந்தக் காலத்து எந்திரத்தில் பல வயர்களுக்குப் பருத்தி நூல் பின்னிய உறை. நிறத்தை நூலிலேயே நெய்திருப்பார்கள். தொழிற்சாலையில் ஆணி அடித்த பலகை மீது வயர்களை ஒவ்வொன்றாக இழுத்து, மெழுகு நூலால் கட்டி ஒரே கத்தையாக்குவார்கள். ஒரு கத்தையைப் பிரித்துப் பார்த்தால், முடிச்சுக்கு முடிச்சு ஒரே இடைவெளியில் கை போயிருப்பது தெரியும். அதை அறுத்துப் போட்டுவிட்டுப் புது வயர் ஓட்ட எனக்கு மனம் வருவதில்லை. அப்படிச் செய்யத் தேவையும் அநேகமாக இருப்பதில்லை.

நூல் வெளுத்திருப்பது, அழுக்கேறியிருப்பது கோளாறு அல்ல. கோளாறு இருக்கும் இடங்கள் வேறு. சாலிடர் முனைக்கு அருகே ஓரங்குலம் உறை சிதைந்திருக்கும். ஸ்கோர் தெரியும் தலைப்பெட்டிக்கும் அதன் கீழுள்ள கேபினெட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்கும் இடத்திலும், எலி கடித்த இடத்திலும் சிதைவு இருக்கும். சிதைந்த முனைக்கு வயரைக் கழற்றி, வெப்பத்தில் சுருங்கும் குழாயை மாட்டி, மறுபடி பற்றவைத்தால் போதும். நடுவில் அறுந்திருந்தால் அதே தடிமனில் ஒரு துண்டு சேர்த்து இரண்டு ஒட்டுக்கும் குழாய் போடுங்கள். டேப் சுற்றாதீர்கள், ஓரிரு கோடையில் பசை வழிந்துவிடும்.

ஒரே நேரத்தில் ஒரு வயருக்கு மேல் கழற்றக் கூடாது. நிறம் மங்கியதால் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் கத்தைக்குள் வெளிச்சம் படாத பகுதியை மெல்ல விலக்கிப் பாருங்கள், அசல் நிறம் அங்கே இருக்கும். சாலிடருக்கு ரோசின் உள்ள எலக்ட்ரானிக்ஸ் ஈயம்தான். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பசை பித்தளையை அரிக்கும்.

நான்காம் படி: சுவிட்சுகள்

பொறுமை தேவைப்படுவது இங்கேதான். கோளாறுகளில் பெரும்பாலானவை லீஃப் சுவிட்சுகளில்தான் இருக்கும். இரண்டு மெல்லிய தகடு, நுனியில் வெள்ளிக் குமிழ். மூடியிருக்கும்போது ஒரு தகடு மற்றதைச் சிறிது தள்ள வேண்டும். அந்த உராய்வே குமிழைச் சுத்தமாக வைத்திருக்கும். திறந்திருக்கும்போது ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

கறுத்த குமிழுக்கு நடுவே தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, தகடுகளை லேசாக அழுத்தி இழுத்தால் அழுக்கு அதில் வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மெல்லிய ஃபிளெக்ஸ்ஸ்டோன் அரத்தால் இரண்டு இழுப்பு. உப்புத்தாள் வேண்டாம். தகட்டை வளைக்க அதற்கென்றே பிளவு முனைக் கருவி உண்டு. அடிப்பகுதியில் பிடித்து வளையுங்கள், நுனியில் அல்ல. வளைப்பதற்கு முன் தகட்டடுக்கின் இரண்டு திருகையும் இறுக்கிப் பாருங்கள். பலமுறை அதிலேயே எல்லாம் சரியாகிவிடும்.

ஃபிளிப்பரில், அதாவது பந்தை அடிக்கும் துடுப்பில், உள்ள ஒரு சுவிட்சைத் தனியாகக் கவனிக்க வேண்டும். 1947இல் இதே நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் மின் ஃபிளிப்பர் முதலில் வந்தது. கிங்ஸ் அண்ட் குவீன்ஸ் காலத்து ஃபிளிப்பர் காயிலில் இரண்டு சுற்று. ஒன்று பலமாக உதைக்க, மற்றது மேலே பிடித்து வைக்க. துடுப்பு முழுதும் எழுந்ததும் ஒரு சுவிட்ச் திறந்து, இரண்டாம் சுற்றையும் பாதைக்குள் கொண்டுவந்து மின்னோட்டத்தைக் குறைக்கும். அது திறக்காவிட்டால் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருப்பவர் கையில் காயில் வெந்துவிடும். மூடாவிட்டால் துடுப்புக்கு உயிரே இருக்காது. இந்தக் குமிழ்கள் டங்ஸ்டன், கடினமானவை. இங்கே மட்டும் சாதாரண அரம் பயன்படுத்தலாம்.

படிப்படியாக நகர்ந்து எண்ணிக்கை வைக்கும் ஸ்டெப்பர் யூனிட்களில் அந்தக் காலத்துக் கிரீஸ் கோந்து மாதிரி இறுகியிருக்கும். கழற்றி, ஆல்கஹாலில் துடைத்து, பித்தளைக் குமிழ் வட்டத்தைத் தேய்ப்பு நாரால் பளபளப்பாக்கிச் சேருங்கள். எண்ணெய் ஸ்பிரே எதையும் உள்ளே அடிக்காதீர்கள். பொறி பறக்கும் இடம் அது, தீப்பிடிக்கக்கூடியதை அடிக்கும் இடமல்ல. காயிலுக்குள் இரும்புத் தண்டு ஓடும் குழல்களும் உலர்ந்தே இருக்க வேண்டும். பழைய குழலை எடுத்துவிட்டுப் புது நைலான் குழல் போட்டால் எண்ணெய்க்கு வேலையே இல்லை.

ஆட்டம் தொடங்க மறுத்து ஸ்கோர் மோட்டார் (சுவிட்சுகளை வரிசையாக இயக்கும் மோட்டார்) சுற்றிக்கொண்டே இருந்தால், எண்களைக் காட்டும் ஸ்கோர் உருளைகளின் பூஜ்ய நிலைச் சுவிட்சை முதலில் பாருங்கள். ஏதோ ஓர் உருளை பூஜ்யத்துக்கு வந்தும் ‘வந்துவிட்டேன்’ என்று சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஐந்தாம் படி: விளக்குகள்

சிறு வேலை, ஆனால் ஓவியத்தின் ஆயுள் இதில் இருக்கிறது. பழைய 44 எண் பல்பு ஒன்று 0.25 ஆம்பியர் இழுக்கும், 47 எண் 0.15 ஆம்பியர். நாற்பது பல்புக்கு 10 ஆம்பியருக்குப் பதில் 6 ஆம்பியர். வயரும் குளிரும், பின்னால் உள்ள வண்ணமும் தப்பிக்கும். 47 போடுங்கள்.

ஆறாம் படி: பேக்கிளாஸ்

தலைப்பெட்டியின் முன்னே நிற்கும் ஓவியக் கண்ணாடிதான் இந்த எந்திரத்தின் முகம். வண்ணத்தைக் கண்ணாடியின் பின்பக்கத்தில், திரை அச்சில், தலைகீழ் வரிசையில் ஏற்றியிருப்பார்கள். முன்னால் தெரிய வேண்டிய கறுப்புக் கோடு முதலில், பிறகு நிறங்கள், அதன் பின் வெள்ளை, கடைசியில் வெளிச்சத்தை மறைக்கும் பூச்சு. பல ஆண்டுச் சூடும் ஈரமும் சேர்ந்து அந்தப் பூச்சு கண்ணாடியிலிருந்து செதில் செதிலாகக் கிளம்பும்.

பின்பக்கத்தைத் துடைக்காதீர்கள். தூசியைக்கூடத் தட்டாதீர்கள். என் முதல் எந்திரத்தில் நனைந்த துணியால் ஒரே ஒரு முறை துடைத்தேன். ஒரு முகத்தின் கன்னம் முழுதும் துணியோடு வந்துவிட்டது. இன்றும் அந்த இடத்தைப் பார்த்தால் மனது கனக்கிறது.

கண்ணாடியை மெத்தென்ற துணி மேல் முகம் கீழாகப் படுக்க வையுங்கள். பூச்சு உறுதியாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திருப்பி மாட்டிவிடுங்கள். உதிரத் தொடங்கியிருந்தால், தடித்த தெளிவான அக்ரிலிக் ஸ்பிரேயைப் பின்பக்கம் அடித்து இருப்பதை நிறுத்தி வைக்கலாம். அடித்தால் திரும்ப எடுக்க முடியாது, ஆகவே ஓரத்தில் ஒரு மூலையில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள். விட்டுப்போன இடங்களுக்கு அந்தப் பூச்சு காய்ந்த பிறகு பின்னாலிருந்து அக்ரிலிக் வண்ணம் தொடுங்கள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பின்னால் பல்பு எரிய வைத்தும் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவும்போது அசல் சிவப்பும் நீங்கள் தொட்ட சிவப்பும் வேறு வேறாகத் தெரியும். முகங்களை நான் தொடுவதில்லை. பார்க்கரின் கண்ணும் மூக்கும் சேதமடைந்தே இருக்கட்டும், என் கோடு அதில் வேண்டாம். ஆடை, வானம், பின்னணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வேன்.

ஏழாம் படி: ஆட்டப்பலகையும் கேபினெட்டும்

பலகையைத் தண்ணீரால் கழுவாதீர்கள். பூச்சு வெடித்த இடத்தில் ஈரம் இறங்கினால் மரம் ஊதும். முதலில் தூசியை உறிஞ்சி எடுங்கள், பிறகு நாப்தாவால் (எளிதில் தீப்பிடிக்கும் பெட்ரோலியக் கரைப்பான்) துடையுங்கள், ஜன்னலைத் திறந்து, நெருப்பு எதுவும் இல்லாமல். பந்து ஓடி ஓடிக் கறுத்த தடங்களுக்கு மெலமைன் நாரும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் அற்புதமாக வேலை செய்யும், ஆனால் அது மேல்பூச்சையும் சேர்த்தே தேய்க்கும். உள்ளங்கை அளவு இடம், சில நொடிகள், துடைத்துப் பாருங்கள். துணியில் அழுக்குக்குப் பதில் நிறம் வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

மரம் தெரியும் இடங்களுக்கு வண்ணம் கலக்கும்போது, பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் வெளிச்சம் படாத அசல் நிறம் கண்ணில் படும். அதைப் பார்த்துக் கலக்கத் தோன்றும். வேண்டாம். சுற்றியுள்ள வெளுத்த நிறத்துக்குத்தான் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டுப் போட்டது தூரத்திலிருந்தே தெரியும். கடைசியில் கார்னாபா மெழுகு இரண்டு முறை. கார்களுக்கு அடிக்கும் இரட்டைக் கலவைத் தெளிபூச்சு கண்ணாடி போல மின்னும், ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்குக் கேடு. தகுந்த சுவாசக் கருவியும் அறையும் இல்லாமல் வீட்டில் முயலாதீர்கள்.

கேபினெட்டில் வெள்ளை மேல் இரண்டு மூன்று நிறம் ஸ்டென்சிலில் அடித்திருப்பார்கள். கீறல்களுக்குச் சின்னத் தூரிகை போதும். முழுதும் போய்விட்டால் மட்டும், எஞ்சியதைத் தடித்த தாளில் வரைந்தெடுத்த பிறகு தேயுங்கள். அமெரிக்காவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல்தான். எனவே பழைய பூச்சில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, ஈர உப்புத்தாள், முகக்கவசம், குழந்தைகள் இல்லாத இடம்.

எட்டாம் படி: சேர்த்து ஆடுவது

ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிதாக, பழைய படங்களைப் பார்த்து மாட்டுங்கள். பந்தும் புதிது போடுங்கள். துருப்பிடித்த பந்து நீங்கள் காப்பாற்றிய பலகையை உப்புத்தாள் போலத் தேய்க்கும். சரிவு மூன்றரை டிகிரி அளவில் வையுங்கள். இன்றைய எந்திரங்களின் ஆறரை டிகிரியில் வைத்தால் பழைய ஃபிளிப்பர் பந்தை மேலே சேர்க்காது.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் முகர்ந்து பாருங்கள். பிறகு ஆட்டத்தைத் தொடங்குங்கள். மோட்டார் உறுமி, உருளைகள் கடகடவென்று பூஜ்யத்துக்கு வந்து நிற்கும். அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும்.

ஐம்பது ஆட்டம் ஆடிய பிறகு மறுபடி திறந்து சுவிட்சுத் திருகுகளை ஒரு சுற்று இறுக்குங்கள். நீங்கள் மாற்றிய வயர்கள், போட்ட ஃபியூஸ், கலந்த வண்ணங்களின் விகிதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஓர் உறையில் கேபினெட்டின் உட்சுவரில் ஒட்டிவிடுங்கள். அடுத்து இதைத் திறப்பவர் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.